முட்டைக்குள் ஒரு பாடம்: மூளைக் காயத்தை அறிவியல் வகுப்பில் கற்பித்தல்

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் முதல் பாடம் இயக்க விதிகள். அதே நூலின் பிற்பகுதியில் நரம்பு மண்டலம் வருகிறது. முதற்பாடத்தில் நிலைமம் என்பதை மாணவர்கள் கற்கின்றனர். ஓடும் பேருந்து திடீரென நிற்கும்போது பயணிகள் ஏன் முன்னோக்கிச் சாய்கின்றனர் என்பதற்கு விடை எழுதுகின்றனர். நரம்பு மண்டலப் பாடத்தில் பெருமூளை, சிறுமூளை, முகுளம் ஆகியவற்றைப் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கின்றனர். ஆனால் இவ்விரு பாடங்களும் வகுப்பறையில் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. அவை உண்மையில் சந்திக்கும் இடம் சாலையும் விளையாட்டுத் திடலும் மாடிப்படியுமாகும். பேருந்து நின்றபின்னும் பயணி நகர்வதைப் போல, மண்டை ஓடு நின்றபின்னும் மூளை நகர்கிறது. மூளைக் காயம் என்பதன் பெரும்பகுதி அந்த நகர்வில்தான் அடங்கியுள்ளது.

இக்கட்டுரையை ஆசிரியர்களுக்கான இதழில் எழுதாமல் நம் மருத்துவமனை இதழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. தலைக்காயச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் குழந்தையின் பெற்றோர் எங்களிடம் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கின்றனர். பள்ளிக்கு எப்போது அனுப்பலாம் என்பது முதல் கேள்வி. அங்கே என்ன சொல்வது என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு எங்களிடம் ஓரளவு தெளிவான விடை இருக்கிறது. இரண்டாவதுதான் கடினம். கால் முறிந்த மாணவன் மாவுக்கட்டுடன் வகுப்புக்கு வந்தால் நண்பர்கள் அவன் பையைச் சுமக்கின்றனர். கட்டின் மேல் தங்கள் பெயர்களை எழுதுகின்றனர். மூளை காயமுற்ற மாணவனிடம் வெளியே தெரியும் அடையாளம் எதுவும் இருப்பதில்லை. அவன் மெதுவாக எழுதுகிறான், இரண்டாம் பாடவேளைக்குள் களைத்துப் போகிறான், சத்தம் கேட்டால் எரிச்சல் கொள்கிறான். சில வாரங்களில் அவன் நடிக்கிறான் என்ற பேச்சு எழுகிறது. அவன் வகுப்பில் உள்ள நாற்பது பேருக்கும் மூளையின் பாகங்கள் மனப்பாடமாகத் தெரியும். அந்தப் பாகங்கள் காயமுற்றால் என்ன நேரும் என்பதை ஒருவரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

அதனைச் சொல்வதற்கு ஒரு பாடவேளை போதும். தேவையான பொருள்கள், இரண்டு முட்டைகளும் ஒரு தட்டும்.

சுழலும் முட்டை

ஒரு முட்டை பச்சையாகவும் மற்றொன்று நன்கு அவித்ததாகவும் இருக்க வேண்டும். சத்துணவுக் கூடம் உள்ள பள்ளிகளில் அவித்த முட்டைக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டையும் தட்டையான தட்டில் பம்பரம்போல் சுழற்ற வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் விரல் நுனியால் ஒரு கணம் தொட்டு நிறுத்தி, உடனே விரலை எடுத்துவிட வேண்டும். அவித்த முட்டை நின்றுவிடும். பச்சை முட்டையோ, விரலை எடுத்ததும் தானாகவே மீண்டும் சுழலத் தொடங்கும். முதன்முறை இதனைப் பார்க்கும் குழந்தைகள் ஆசிரியர் ஏதோ தந்திரம் செய்வதாகவே நினைப்பார்கள். விரல் நிறுத்தியது ஓட்டை மட்டுமே. உள்ளிருக்கும் திரவம் நிற்கவில்லை. அதன் சுழற்சி ஓட்டையும் மறுபடி இழுத்துச் செல்கிறது. இந்த விளக்கத்தை ஆசிரியர் கூறுவதற்கு முன் மாணவர்களே கண்டுபிடிக்குமாறு சற்று நேரம் விடுவது நல்லது.

முட்டையைப் பள்ளிக்குள் கொண்டுவர இயலாத இடங்களில் ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் நிரப்பி, மேலே சிறிது மிளகுத்தூளைத் தூவலாம். குவளையைச் சட்டென்று திருப்பினால் மிளகு இருந்த இடத்திலேயே நிற்கும். சுழன்றுகொண்டிருக்கும் குவளையை நிறுத்தினால் மிளகு தொடர்ந்து சுழலும். முட்டையின் வியப்பு இதில் இல்லை என்றாலும் பாடம் ஒன்றுதான்.

இதிலிருந்து மூளைக்குச் செல்லும்போது ஓர் எச்சரிக்கை தேவை. மூளை முட்டைக்கருவைப் போல் தளும்பும் திரவமன்று. கெட்டித் தயிரைப் போல், அழுத்தினால் உருமாறும் மென்மையான திசு அது. வளர்ந்தவரின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ளது. அதனைச் சுற்றி மூளைத் தண்டுவடத் திரவம் உள்ளது; மூளையிலும் தண்டுவடத்திலுமாகச் சேர்த்து அதன் அளவு சுமார் 150 மில்லி லிட்டர். ஒரு சிறிய தம்ளரளவேயான இந்தத் திரவத்தில் மூளை மிதப்பதால் அதன் எடை 50 கிராம் அளவுக்கே உணரப்படுகிறது. ஆர்க்கிமிடிஸ் தத்துவத்தை ஏற்கெனவே படித்த மாணவர்கள் அது தம் தலைக்குள்ளேயே நிகழ்வதை அறிந்து மகிழ்வார்கள்.

அடுத்து, மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பச்சை முட்டையை வைத்துக் குலுக்கினால் அது உடையும். மற்றொரு முட்டையை வைத்து டப்பா முழுவதும் நீர் நிரப்பி, மெல்லக் குலுக்கினால் அது பிழைக்கும். அன்றாடம் நாம் ஓடுகிறோம், குதிக்கிறோம், தலையை ஆட்டுகிறோம்; இவற்றையெல்லாம் அந்தத் திரவம் தாங்குகிறது. இப்போது நீருள்ள டப்பாவை வேகமாக ஆட்டிச் சட்டென்று நிறுத்தச் சொல்ல வேண்டும். எவ்வளவு வேகத்தில் முட்டை உடைகிறது என்பதை மாணவர்களே காண்பர். திரவத்தின் காவலுக்கும் எல்லை உண்டு.

அந்த எல்லையைத் தாண்டும்போது மூளையில் இருவகைச் சேதம் நேர்கிறது. அடிபட்ட பக்கத்தில் மூளை மண்டை ஓட்டில் மோதுகிறது. சில வேளைகளில் எதிர்ப்பக்கத்திலும் காயமுறுகிறது. பின்தலை தரையில் மோதியவருக்கு ஸ்கேனில் நெற்றிப் பக்கத்து மூளையில் இரத்தக்கட்டு தெரிவதைக் கண்டு குடும்பத்தினர் குழம்புவது இதனாலேயே. இரண்டாவது வகை, தலை சட்டெனத் திரும்பும்போது நிகழ்வது. மூளையின் வெளிப்பகுதியும் உட்பகுதியும் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. இடையில் ஓடும் நரம்பிழைகள் இழுபடுகின்றன. மருத்துவச் சீட்டில் கன்கஷன் என்று நாங்கள் எழுதும் மூளை அதிர்வில் இவ்விழைகள் தற்காலிகமாகச் செயல் குன்றுகின்றன. இழுபட்ட இழை அவ்வளவு நுண்ணியது, சி.டி. ஸ்கேனில் தெரியாது. ஸ்கேன் இயல்பாக உள்ளது என்றால் இரத்தக்கசிவோ எலும்பு முறிவோ இல்லை என்று பொருள். மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பொருளன்று. இந்த ஒரு செய்தியை ஆசிரியர்கள் அறிந்திருந்தால் பல குழந்தைகளின் பள்ளி வாழ்க்கை எளிதாகும்.

கணக்குப் பிரியர்களுக்கு

ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் இதனைக் கணக்காகவும் செய்யலாம். நின்றுகொண்டிருக்கும் ஒரு மாணவனின் தலை தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ளது என்று கொள்வோம். அங்கிருந்து தடையின்றி விழும் பொருள் தரையைத் தொடும்போது நொடிக்கு ஏறத்தாழ 5.4 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 20 கி.மீ. வேகத்தில் இருக்கும். நின்ற இடத்திலேயே வழுக்கி விழுவதும் தலைக்கு இவ்வளவு வேகத்தைத் தரக்கூடும் என்பதே மாணவர்களுக்கு வியப்பாக இருக்கும்.

அடுத்த கேள்வி, அந்த வேகம் எவ்வளவு தூரத்திற்குள் பூச்சியமாகிறது என்பது. விழுந்த உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால், தலை தாங்கும் சராசரி எதிர்முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் எத்தனை மடங்கு என்பது கிடைக்கும். சிமெண்டுத் தரை வளையாது. தலையின் தோலும் எலும்பும் 3 மி.மீ. அமுங்குவதாக வைத்துக்கொண்டால் விடை 500 மடங்கு. தலைக்கவசத்தின் உள்ளே இருக்கும் தெர்மாகோல் 2 செ.மீ. நசுங்குவதாக வைத்துக்கொண்டால் 75 மடங்கு. தலைக்கவசத்தின் இரகசியம் இவ்வளவே: அது நிற்கும் தூரத்தை நீட்டுகிறது. வெளியோடு கெட்டியாக இருப்பதால் மட்டும் அது காக்கிறது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் காப்பதில் பெரும்பங்கு, தான் நசுங்கிப்போகும் தெர்மாகோலுடையது. ஒருமுறை விபத்தில் அடிவாங்கிய கவசத்தை, வெளியே கீறல்கூட இல்லையென்றாலும், மாற்ற வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம். வேகம் இரட்டிப்பானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் இங்கேயே சேர்த்துச் சொல்லிவிடலாம்.

இருசக்கர வாகனத் தலைக்கவசங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு, கவசம் அணிவது உயிரிழப்பை ஏறத்தாழ 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைப்பதாக மதிப்பிடுகிறது. நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, 2019 திருத்தத்திற்குப் பின், நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவரும் கவசம் அணிய வேண்டும் என்கிறது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் கவசமும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வேகம் மணிக்கு 40 கி.மீ. தாண்டக்கூடாது என்று 2022இல் மத்திய விதி வந்தது. பள்ளி வாசலில் காலை எட்டரை மணிக்கு நின்று பார்த்தால், அப்பா கவசம் அணிந்திருப்பார், முன்னால் நிற்கும் சிறுமியும் பின்னால் அமர்ந்த அண்ணனும் அணிந்திருக்கமாட்டார்கள். சட்டத்தைச் சொல்லி நடக்காததை அந்தச் சிறுமி வகுப்பில் செய்த கணக்கு நடத்திவைப்பதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குப் பெற்றோர் அஞ்சுகின்றனர்.

திட்டுக்குப் பயந்து மறைத்தல்

இப்பாடத்தில் உயிர் காக்கும் பகுதி இதுவே. ஆசிரியர்கள் விரைந்து கடக்கும் பகுதியும் இதுவே.

சில ஆண்டுகளுக்கு முன், பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனை இரவு பதினொரு மணிக்கு எங்கள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தனர். மாலையில் மதிலேறிப் பந்து எடுக்கும்போது விழுந்து, தலையின் பக்கவாட்டில் அடிபட்டிருந்தது. சில நொடிகள் மயங்கி எழுந்தவன், மதிலேறக் கூடாதென்று தந்தை முன்பே கண்டித்திருந்ததால், வீட்டில் எதுவும் சொல்லவில்லை. இட்லி சாப்பிட்டான், வீட்டுப்பாடமும் எழுதினான். ஒன்பதரை மணிக்குத் தலைவலி என்று படுத்தவன் இருமுறை வாந்தியெடுத்தான். இரவு உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றே தாயார் நினைத்தார். உடன் விளையாடிய வகுப்புத் தோழன் மனம் கேளாமல் தன் அம்மாவிடம் நடந்ததைச் சொல்ல, அவர் தொலைபேசியில் அழைத்துக் கூறிய பிறகே வீட்டாருக்கு விவரம் தெரிந்தது. மண்டை ஓட்டுக்கும் டியூராமேட்டர் உறைக்கும் இடையே இரத்தம் சேர்ந்திருந்தது. அன்றிரவே அறுவை சிகிச்சை நடந்தது. அவன் நலமாகப் பள்ளி திரும்பினான்.

நெற்றிப்பொட்டில் மண்டை ஓடு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பு விரிசல் கண்டு அத்தமனி கிழிந்தால் இரத்தம் சிறுகச் சிறுகச் சேரும். மண்டை ஓடு விரியாத பெட்டி. உள்ளே ஒன்று சேர்ந்தால் மற்றொன்று இடம்விட வேண்டும். முதலில் திரவம் விலகி இடம் தரும். அதுவரை குழந்தை நன்றாகப் பேசும், நடக்கும். விலகுவதற்குத் திரவம் தீர்ந்தபின் மூளையே நசுங்கத் தொடங்கும். நன்றாக இருந்த அந்த இடைவேளைதான் எல்லோரையும் ஏமாற்றுவது.

ஆகவே மாணவர்கள் அறிய வேண்டிய அடையாளங்களை இங்கே தருகிறேன். தலையில் அடிபட்ட எவருக்கேனும் தலைவலி கூடிக்கொண்டே போனாலும், மீண்டும் மீண்டும் வாந்தி வந்தாலும், எழுப்பினால் எழாத தூக்கம் வந்தாலும், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலும், பேச்சு குழறினாலும், ஒரு கையோ காலோ வலுவிழந்தாலும், வலிப்பு வந்தாலும், காதிலோ மூக்கிலோ நீர் போன்ற திரவமோ இரத்தமோ கசிந்தாலும், கண்ணின் இரு பாவைகளும் வெவ்வேறு அளவில் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நினைவு தப்பவில்லை என்பதால் அடி இலேசானது என்று முடிவு செய்யக் கூடாது. மூளை அதிர்வு பெரும்பாலும் நினைவு தப்பாமலே நிகழ்கிறது.

செய்யக்கூடாதவற்றையும் வகுப்பில் சொல்ல வேண்டும். நினைவு குன்றியவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது; அது நுரையீரலுக்குள் செல்லும். வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் பயனில்லை. ஒருக்களித்துப் படுக்கவைப்பதே உதவும். ஆனால் உயரத்திலிருந்து விழுந்தவருக்குக் கழுத்தெலும்பும் முறிந்திருக்கலாம் என்பதால், வாந்தியோ மூச்சுத் தடையோ இல்லாதவரை அசைக்காமல் 108 ஊர்திக்கு அழைப்பதே முறை. ஒருக்களிக்க நேர்ந்தால் தலையும் உடலும் ஒன்றாகத் திரும்புமாறு இருவர் மூவர் சேர்ந்து திருப்ப வேண்டும்.

இவை அனைத்தையும்விட முக்கியமானது, சொல்பவனைத் திட்டமாட்டோம் என்ற உறுதி. இதனை ஆசிரியரும் பெற்றோரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மதிலேறியதற்கான கண்டிப்பை இரண்டு நாள் கழித்து வைத்துக்கொள்ளலாம். தோழனைப் பற்றிச் சொல்வது காட்டிக்கொடுப்பதாகாது என்பதையும் பிள்ளைகளிடம் தெளிவுபடுத்த வேண்டும். விபத்துக் காணொளிகளையும் கோரமான படங்களையும் வகுப்பில் காட்டுவதை நான் ஆதரிப்பதில்லை. அச்சமூட்டிய பிள்ளை அடிபட்டால் இன்னும் ஆழமாக மறைக்கும். அந்த வகுப்பிலேயே விபத்தில் தந்தையை இழந்த குழந்தை அமர்ந்திருக்கவும் கூடும்.

விளையாட்டில் அடிபட்டால் அன்று மீண்டும் களமிறங்கக் கூடாது என்பதும் பாடத்தின் பகுதியே. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006இல் சக்கரி லிஸ்டெட் என்னும் பதின்மூன்று வயதுச் சிறுவன், அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் இடையில் தலையில் அடிபட்டும் அதே ஆட்டத்தில் மீண்டும் ஆடினான். ஆட்டம் முடிந்ததும் சரிந்து விழுந்தான். மூளை அறுவை சிகிச்சையால் உயிர் பிழைத்தாலும் நீண்ட ஊனத்துடன் வாழ நேர்ந்தது. அவன் பெயரால் 2009இல் அம்மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது: மூளை அதிர்வு ஐயம் எழுந்தால் இளம் ஆட்டக்காரரை வெளியேற்ற வேண்டும், தகுதியுள்ள மருத்துவப் பணியாளரின் எழுத்து மூல ஒப்புதலின்றி மீண்டும் ஆடவிடக் கூடாது. நம் ஊர்க் கபடியிலும் முழங்காலும் தலையும் மோதாத ஆட்டம் அரிது. ஆடுகளத்தின் ஓரத்தில் நிற்கும் உடற்கல்வி ஆசிரியர் இவ்விதியைக் கடைப்பிடிக்கச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கம்பி துளைத்த மனிதர்

மூளையின் பணிகளைக் கற்பிக்கும்போது பினியஸ் கேஜ் கதையைச் சொல்லாத ஆசிரியர் குறைவு. 1848 செப்டம்பர் 13 அன்று, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் இருப்புப்பாதை அமைக்கும் பணியில் பாறைக்கு வெடிமருந்து திணித்துக்கொண்டிருந்த இருபத்தைந்து வயதுக் கேஜின் இடது கன்னத்தின் வழியே, ஒரு மீட்டருக்கும் சற்று நீளமான, ஆறு கிலோ எடையுள்ள இரும்புக் கம்பி பாய்ந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. அவர் பிழைத்தார், பேசினார். ஆனால் குணம் மாறியது, பழைய கேஜ் அல்லர் என்று நண்பர்கள் கூறியதாக மருத்துவர் ஹார்லோ எழுதினார். முன்மூளை நம் தன்னடக்கத்தையும் திட்டமிடலையும் ஆள்கிறது என்பதற்கு இதனை எடுத்துக்காட்டாகச் சொல்வர்.

இவ்விடத்தில் கதையை நிறுத்துவது எனக்கு உடன்பாடில்லை. கேஜ் அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். பல குதிரைகள் பூட்டிய வண்டியை நீண்ட வழியில் செலுத்துவதும் பயணிகளிடம் முறையாக நடந்துகொள்வதும் தன்னடக்கம் இழந்தவரால் இயலுவதன்று. அவர் பெருமளவு தேறியிருக்க வேண்டும் என்றே ஆய்வாளர்கள் சிலர் கருதுகின்றனர். கதையின் முற்பாதியை மட்டும் கேட்ட மாணவன், மூளை காயமுற்றவர் நிரந்தரமாக வேறொருவராகிவிடுவார் என்று நம்புகிறான். அந்த நம்பிக்கையுடன் அவன் தன் வகுப்புத் தோழனைப் பார்க்கிறான். ஆகவே சிலி நாட்டு வண்டியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தோழன் திரும்பும் நாள்

இனி அத்தோழனைப் பற்றி. மூளை அதிர்வுக்குப் பின் முதல் ஓரிரு நாள்கள் ஓய்வு. கைப்பேசியும் தொலைக்காட்சியும் குறைவாக. பிறகு சிறிது சிறிதாகப் படிப்பு. அரை நாள் பள்ளி. பின் முழு நாள். அதன் பிறகே விளையாட்டு. பெரும்பாலான குழந்தைகள் நான்கு வாரங்களுக்குள் தேறுகின்றனர். இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கவைக்கும் பழைய முறையை இப்போது நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இரத்தக்கசிவோ அறுவை சிகிச்சையோ நேர்ந்தவர்களுக்குக் காலம் நீளும். சிலரிடம் மறதியும் மந்தமும் சினமும் மாதக்கணக்கில் நீடிக்கும்.

இதனை மாணவர்கள் உணர ஒரு சிறு பயிற்சி உண்டு. வழக்கமாக எழுதும் கையை விட்டு மறுகையால் ஒரு பத்தியை எழுதச் செய்து, அதே வேளையில் ஆசிரியர் வேறொரு கதையை வாசிக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துக் கதையிலிருந்து கேள்வி கேட்டால் பலரால் விடை கூற இயலாது. அறிவு குறைந்ததா என்று அவர்களையே கேட்கலாம். எளிய வேலையே முழுக் கவனத்தையும் விழுங்கிவிடும்போது மற்றவற்றுக்கு மீதியிருப்பதில்லை. திரும்பி வந்த தோழனுக்கு ஒவ்வொரு பாடவேளையும் அப்படித்தான். இப்பயிற்சியை அவன் இல்லாத நாளில், அவன் பெயரைச் சொல்லாமல் செய்வது நாகரிகம்.

பெற்றோர் செய்ய வேண்டியது, வகுப்பாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுவது. என்ன காயம், ஸ்கேன் இயல்பாக இருப்பதன் பொருள் என்ன, ஒரே நேரத்தில் எவ்வளவு நேரம் படிக்க முடிகிறது, தலைவலி வந்தால் எங்கே சென்று படுக்கலாம், உடற்கல்வி வகுப்பு எந்தத் தேதிவரை கூடாது, யாரை எந்த எண்ணில் அழைக்க வேண்டும் ஆகிய செய்திகள் அதில் இருக்கட்டும். குறைபாடு நீடித்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் கோர வழியுண்டு; அதற்கு மருத்துவச் சான்று தேவை, விண்ணப்பத்தைத் தேர்வுக்குப் பல வாரம் முன்பே தலைமையாசிரியர் வழியாக அனுப்ப வேண்டும். கடிதத்தில் மருத்துவச் சொற்கள் புரியாமல் தடுமாறினால், வெளியேறும்போது தரப்பட்ட சுருக்க அறிக்கையை அடுத்த பரிசோதனைக்கு வரும்போது எடுத்து வாருங்கள். எங்கள் பிரிவில் அமர்ந்து சேர்ந்தே எழுதலாம்.